கடிதத்தின் நெற்றியில் ஒரு நம்பர்

அத்தியாயம் 6

சாராம்மா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். மூன்று மணிக்குப் பிறகு அவளுக்கு வீடு கிடையாது. இந்த இரண்டு செய்தியையும் அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மூன்றாவதாகக் குடிக்க வெள்ளம் கேட்டாள்.

பாறசாலைக்கு ரயில் வந்து ஒரு வருடம் ஆகியிருந்த காலம். ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள்; மீதிப் பேர் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் ரோட்டில் அந்த இன்ஸ்டிட்யூட்டை நடத்தியவள் சௌதாமினி. ஆறு மெஷின், அதில் நாலு அடிக்கும். காலையில் டைப்பிங், சாயங்காலம் இங்கிலீஷ் வணிகக் கடிதம், நடுவில் காந்திமதிநாதனுக்குத் துப்பறிய ஒத்தாசை. மூன்றில் ஒன்றும் ஒழுங்காகச் சோறு போடாததால் மூன்றையும் விடாமல் செய்துவந்தாள்.

காந்திமதிநாதன் லேசுப்பட்ட துப்பறிவாளர் அல்ல. களியக்காவிளைப் பக்கம் எல்லைக்கல் ஒன்று காணாமல் போய், இரு மாநிலத்துத் தாசில்தார்களும் எங்கே நின்றுகொண்டு சண்டை போடுவது என்று தெரியாமல் தவித்த சமயத்தில், ஒரு வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தே கல்லைக் கண்டுபிடித்தவர். சர்க்கார் கருங்கல்லில் அடித்தால்தான் வேட்டிக்கு அந்த வெளுப்பு வருமாம். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால் கல் குப்புறக் கிடந்தது. அது திரும்ப நடப்படும்வரை பதினேழு நாள் கேரளம் பதினோரு அடி தெற்கே தள்ளியிருந்தது என்பார். நம்பாதவர்கள் அளந்துகொள்ளலாம்.

அவரிடம் ஒரே குறை, உட்கார மாட்டார். உட்கார்ந்தால் மூளை வேட்டிக்குள் இறங்கிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். அன்றைக்கும் ஆறு மெஷினையும் சுற்றி நடந்துகொண்டேதான் கேட்டார்.

"வீடு எங்க போகுது?"

"காட்டாக்கடைக்காரரு ஒருத்தருக்குப் போகுது சாறே. எங்க பத்து சென்டு. மூணு மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பிரமாணப் பத்திரம் எழுதி முடிக்காவ. எங்க வீட்டுக்காரருக்கு அபுதாபியில கொத்தவேலை கெடச்சாச்சு. அதுக்குத்தான் விக்கிறாரு."

"வேலை கெடச்சா நல்லதுதானே பிள்ளே?" என்றாள் சௌதாமினி.

"நல்லதாட்டு இருந்தா நான் எதுக்கு வேலைக்குப் போகாம இங்கின வாறேன்?"

சாராம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவள். அந்தப் பால் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன விரல்களால் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். புருஷன் யோவான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து உருவியது.

"நிலத்துப் பட்டயமும் அதே கவருலதான் இருந்திருக்கும். அதையும் எடுத்திருக்கலாமே?" என்றாள் சௌதாமினி.

"அதுக்குள்ள அவரு தலை துவட்டியாச்சு."

அந்தப் பத்து சென்டின் கதை சுருக்கம். கைலாசம் பிள்ளையின் தென்னந்தோப்பில், ரோட்டோரமாகக் குடிசை போட்டுக் கிடந்தவன் யோவான். நிலச்சட்டம் வந்தது. குடிசையில் கிடந்தவனுக்கே பத்து சென்ட் சொந்தம் என்றது. கைலாசம் பிள்ளையோ நிலத்துக்காரர் மட்டுமல்ல, முப்பது வருடம் சர்க்கார் ஆபீஸில் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய சூப்பிரண்டு. அவரே யோவானைக் கூப்பிட்டு, அவரே மனு எழுதிக் கொடுத்தார். அண்ணன் தம்பிகள் அதற்காக அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இப்போதும் ஊரில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் அவர்தான். இன்றைக்குப் பிரமாணத்தைச் சரிபார்க்க ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு வருவதும் அவர்தான்.

"அந்தப் பெரிய மனுஷன் இருக்கும்போது உனக்கு என்ன பயம்?" என்றார் காந்திமதிநாதன், நான்காவது சுற்றில்.

"இந்தக் கடிதாசைத் தபால்காரரு கொண்டுவரல்ல சாறே. போன மாசம் ஒரு நாள் காலையில எழும்பினா வாசல்ல கெடந்தது. அபுதாபியிலேருந்து ஒருத்தன் நடந்து வந்து போட்டிருப்பானா?"

"நடந்துதான் வந்திருப்பான். ஸ்டாம்புக்குக் காசில்லாத கம்பெனியாட்டு இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே சௌதாமினி கடிதத்தை விரித்தாள்.

நல்ல காகிதம். மேலே பச்சை மையில் ஒரு ஒட்டகம், பக்கத்தில் அல் நஜ்மா என்று ஒரு கம்பெனியின் பெயர். கீழே சுத்தமான இங்கிலீஷ். பிழை தேடினாள், கிடைக்கவில்லை. மாணவர்களின் கடிதங்களைத் திருத்தித் திருத்திப் பழகியவளுக்குப் பிழை இல்லாத காகிதம் கையில் நிற்காமல் வழுக்கியது.

"முதல் வரியைக் கேளுங்க. ‘வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்.’ நீ எழுதின கடிதத்தைச் சுட்டி இந்தப் பதிலை எழுதுறோம்ணு அர்த்தம். சாராம்மா, உன் வீட்டுக்காரரு அபுதாபிக்குக் கடிதாசு எழுதினாரா?"

"அவரா? அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள பந்தம், அதுக்குச் சுவரு கெட்டினதாக்கும்."

காந்திமதிநாதன் நடையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினார். "எழுதாத கடிதத்துக்கு ஏன் ஒருத்தன் பதில் எழுதணும்?"

"அது ஒரு வியாதி சாறே. இந்த ரெஃபரன்ஸ் உண்டே, வியாபார இங்கிலீஷ்ல அது இல்லாம ஈ பறக்காது. ‘வித் ரெஃபரன்ஸ் டு’ண்ணா முன்ன நடந்த ஒண்ணோட வாலைப் பிடிச்சுக்கிட்டுப் பேச்சைத் தொடங்குறது. ‘யுவர் ரெஃபரன்ஸ்’ உங்க கடிதத்து நம்பர், ‘அவர் ரெஃபரன்ஸ்’ எங்க கடிதத்து நம்பர். வேலைக்கு மனுப் போட்டா ரெண்டு ரெஃபரன்ஸ் கேப்பான். நம்மளை நல்லவர்ணு சொல்ல ரெண்டு பேரு, சொந்தக்காரர் இல்லாம. பாறசாலையில அது எங்க போய்ப் பிடிக்க? செக்குக்குப் பணம் இல்லேண்ணா பாங்குக்காரன் அதைச் சொல்லமாட்டான், ‘ரெஃபர் டு டிராயர்’ண்ணு எழுதித் திருப்புவான். டாக்டர் ரெஃபர் பண்ணினா நாம பாயும் தலகாணியும் கெட்டணும்."

"இதுல எது நம்ம கடிதாசு?"

"தொடக்கம் வால் பிடிக்கிற ரகம். எதையாவது பிடிக்காம ஒரு கடிதத்தைத் தொடங்கவே முடியாத கை. அரபிக் கம்பெனிக்காரன் ‘உனக்கு வேலை உண்டு, வா’ண்ணு எழுதிட்டுப் போவான். அவனுக்கு நேரம் ஏது? இன்னொண்ணு பாருங்க." அவள் கடிதத்தின் நெற்றியைச் சுட்டினாள். "‘அவர் ரெஃபரன்ஸ்’ண்ணு போட்டு ஒரு நம்பர். எல்.டி. 3-1184/74. கம்பெனி நம்பராட்டு இருந்தா முன்னால அதோட பேருல ரெண்டு எழுத்து வரும். அல் நஜ்மாவில எங்க இருக்கு எல்லும் டியும்? பின்ன இது எண்பதாம் வருஷத்துக் கடிதம். எழுபத்தி நாலு எதுக்கு? இவ்வளவு மெதுவாட்டு யோசிக்கிற கம்பெனியா?"

காந்திமதிநாதன் நின்றுவிட்டார். அவர் நின்றதைப் பார்த்து, நின்றுபோயிருந்த ஃபேனைப் பார்த்து, சாராம்மாவும் எழுந்து நின்றாள்.

"மக்கா, அது கம்பெனி நம்பர் இல்ல. சர்க்கார் கோப்பு நம்பராக்கும். கோப்பு எந்த வருஷம் பிறந்ததோ அந்த வருஷம்தான் சாகிற வரைக்கும் அதுக்கு வாலு. எங்க தாத்தா 1911ல ஒரு மாமரம் வெட்ட அனுமதி கேட்டாரு. மரம் தானே விழுந்தது. அதுல கட்டில் செஞ்சு, அந்தக் கட்டில்லயே படுத்துத் தாத்தாவும் போய்ச் சேர்ந்தாரு. நாப்பத்தி ஏழில உத்தரவு வருது, மரத்தை வெட்டலாம்ணு. நம்பர் மட்டும் 1911."

"கட்டிலை வெட்டினியளா?" என்றாள் சாராம்மா.

"உத்தரவு உத்தரவுதானே," என்றார் அவர், முகத்தில் ஒன்றும் இல்லாமல். "எங்க குடும்பத்துல நாலு தலைமுறை குமாஸ்தா. அதனால சொல்லுதேன். கள்ளக் கடிதம் எழுதுற சாதாரண ஆளு வாயில வந்த நம்பரை அடிச்சு விடுவான். குமாஸ்தாவுக்கு அது வராது. ரெஜிஸ்டர்ல இருக்கிற நம்பரை எடுத்தே பழகின கை. இதை எழுதினவன் ஏதோ ஆபீஸ்ல இருக்கான், அல்லேண்ணா இருந்தான்."

ஆனால் எந்த ஆபீஸ்? தாலுகா ஆபீஸ் உள்ள நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறி, ரெஜிஸ்டர்களைக் கெஞ்சிப் பார்த்துத் திரும்புவதற்குள் மணி நாலாகிவிடும். அதற்குள் சாராம்மாவின் வீடு காட்டாக்கடைக்குப் போயிருக்கும். எனவே பக்கத்தில் இருக்கிறவனிடம் முதலில் போவதென்று முடிவாயிற்று.

பக்கத்தில் இருந்தவன் பொன்னப்பன். தையற்கடை மாடியில் டிராவல்ஸ் வைத்து, வளைகுடாவுக்குப் போகிற ஆட்களைப் பம்பாய்க்கு ஏற்றுகிறவன்; யோவானையும் ஏற்றப்போவது அவன்தான். அவன் வெளியே போயிருந்தான், ஒரு மணிக்குத்தான் வருவானாம். அதுவரை காந்திமதிநாதன் ரயில்வே கேட்டுக்கும் சந்தைக்கும் இடையில் ஒன்பது தடவை நடந்தார். சௌதாமினி நாலு தடவை கூடவே நடந்து, அந்த நம்பரை ஜெபம்போல முணுமுணுத்துவிட்டு, ஐந்தாம் தடவை ஒரு கட்டன்சாயா கடையில் உட்கார்ந்துவிட்டாள். சாராம்மா நடக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. ரோட்டில் போகிற ஒவ்வொருவரிடமும் மணி கேட்டாள்.

பொன்னப்பனின் மாடிச் சுவரில் ஓர் உலகப்படம் தொங்கியது. வருகிறவர்களெல்லாம் தொட்டுத் தொட்டு அபுதாபி இருந்த இடத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியே வெள்ளைச் சுவர் தெரிந்தது. பாலைவனம் என்று ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள் போலும்.

கடிதத்தைப் பார்த்ததும் பொன்னப்பன் இரண்டு கையையும் தூக்கினான். "சாறே, ஆலயத்துல வேணும்னாலும் சத்தியம் வைக்கிறேன், இது நான் இல்ல. எனக்கு இவ்வளவு இங்கிலீஷ் உண்டுண்ணா நான் எதுக்கு இங்கின இருக்கேன்?"

"அதை நம்புதேன்," என்றாள் சௌதாமினி. "வாசல் போர்டுலயே ‘டிராவல்ஸ்’க்கு ரெண்டு ‘எல்’ கூடுதல்."

"போட்டும், மூணு எல்லுக்கும் பெயிண்டுதான் செலவு. யோவான் வரும்போதே இந்த லெட்டர் அவன் கையில இருந்தது. நான் பம்பாய் வரைக்கும்தான். கடல் எனக்கு ஆகாது. ஆனா ரெஃபரன்ஸ் இல்லாம நான் ஆளை எடுக்கமாட்டேன், கேட்டுக்கிடுங்க. இவன் நல்ல கொத்தன், நேர்மையானவண்ணு கைலாசம் பிள்ளை சாறே சீட்டு எழுதித் தந்திருக்காரு."

"அவரு யாருக்குத்தான் தரல்ல," என்றார் காந்திமதிநாதன். "ஊர்ல பாதிப் பேருக்கு நற்சாட்சி அவருதான்." சொல்லிக்கொண்டே படியிறங்கத் தொடங்கியவர், நாலாவது படியில் நின்று திரும்பினார். "மக்கா, நாம ஒரு பொட்டனாக்கும். நெய்யாற்றின்கரைக்கு எதுக்குப் போகணும்? எல்.டி. மூணு எந்த ஆபீஸ், எந்த செக்ஷன்ணு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லக்கூடிய ஆளு ரெஜிஸ்டர் ஆபீஸ்லதானே இருக்காரு. கைலாசம் அண்ணன்."

ரெஜிஸ்டர் ஆபீஸ் முற்றத்தில் ஓட்டுக்கொட்டகை ஒன்று. அதற்குள் பத்திரம் எழுதுகிற ராஜையா, பேனாவைக் காதில் செருகியபடி, முத்திரைத் தாளைத் தடவிக்கொண்டிருந்தார். பெஞ்சின் ஓரத்தில் யோவான் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு கைலாசம் பிள்ளை. வெள்ளைச் சந்தனக் கீற்று, வெள்ளைச் சட்டை, யாரையும் குறை சொல்லாத முகம். மணி இரண்டே முக்கால்.

பெண்டாட்டியைப் பார்த்ததும் யோவான் எழுந்தான். "நீ எதுக்குட்டி இங்க வந்தே?"

"வழி பொதுவழிதானே."

காந்திமதிநாதன் நேரே கைலாசம் பிள்ளையிடம் போனார். "அண்ணே, ஒரு உபகாரம். இந்த நம்பர் எந்த ஆபீஸ் நம்பர்ணு பாத்துச் சொல்லணும்."

கைலாசம் பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"காந்திமதி, நீரு அலைஞ்சது வெறுதே. இது நம்ம நாட்டு நம்பரே இல்லவே. எல்.டி.ண்ணா லேபர் டிரான்ஸ்போர்ட். ஆள் ஏத்துற செக்ஷன். வளைகுடாக் கம்பெனி எல்லாத்திலயும் இப்படித்தான். நான் எத்தனை பாத்திருக்கேன்."

"எழுபத்தி நாலு?"

"கம்பெனி தொடங்கின வருஷமாட்டு இருக்கும்."

சௌதாமினி கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து கட்டிய கோட்டையை மனிதர் ஒரு தும்மலில் ஊதிவிட்டார். காந்திமதிநாதன், அவள் பார்த்த நாலு வருடத்தில் முதல் தடவையாக, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேரமாகுது," என்றார் ராஜையா. "வாங்குற ஆளு பேரு எழுதியாச்சு. விக்கிறவருக்கு நிலம் எப்படி வந்ததுண்ணு எழுதணும். பட்டயத்தை எடு யோவானே, அதோட நம்பர் வேணும்."

யோவான் பிளாஸ்டிக் கவரைத் திறந்து பட்டயத்தை நீட்டினான். அது ராஜையாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. நடுவழியில் சாராம்மாவின் கறுத்த விரல்கள் அதைப் பறித்தன. பறித்த வேகத்தில் நாலாக மடித்துக் கக்கத்துக்குள் வைத்து, கையைப் பூட்டுப்போல இறுக்கிக்கொண்டாள்.

"தரமாட்டேன்."

"சாராம்மா, ஆளுவ பாக்குதாவ."

"பாக்கட்டும். கண்ணு உள்ளவன் பாப்பான்."

யோவான் கையைப் பிடித்து இழுத்தான், கக்கம் திறக்கவில்லை. தேங்காய் சுமந்து வந்த இரண்டு பேர் சுமையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ராஜையா சுவரில் மணி பார்த்தார்.

"நம்பர் இல்லாம நான் எழுதமுடியாது."

"அந்தப் பாவத்தைப் பிடிச்சு எதுக்கு இழுக்கிறிய?" என்றார் கைலாசம் பிள்ளை, மிகுந்த இரக்கத்தோடு. "நம்பர்தானே? எழுதும் ராஜையா. எல்.டி. மூணு, கோடு, ஆயிரத்தி நூத்தி எண்பத்தி நாலு, பார், எழுபத்தி நாலு."

ராஜையா எழுதினார். பேனா முள் கீச்சிட்டது.

காலையிலிருந்து அந்த நம்பரை ஜெபித்த சௌதாமினியின் வாய், எண்பத்தி நாலுக்குப் பிறகு தானாகவே அவரோடு சேர்ந்து சொல்லி முடித்திருந்தது. அவளுக்கே அது ஒரு கணம் பிந்தித்தான் உறைத்தது.

காந்திமதிநாதன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"ராஜையா அண்ணே," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "இப்ப எழுதினதை ஒருக்கா வாசியுங்க. பின்ன இந்தக் கடிதத்தோட தலையில உள்ளதையும் வாசியுங்க."

ராஜையா முதலாவதை வாசித்தார். இரண்டாவதை வாசித்தார். மூன்றாவதாகக் கைலாசம் பிள்ளையைப் பார்த்தார்.

"சாராம்மா, பட்டயத்தைக் காட்டு. கையில தரவேண்டாம், பிடிச்சுக்கிட்டே காட்டு."

அவள் காட்டினாள். வியர்வையில் கொஞ்சம் நனைந்திருந்தது. நம்பர் அதேதான்.

"லேபர் டிரான்ஸ்போர்ட் இல்ல," என்றார் காந்திமதிநாதன். "லேண்ட் டிரிபியூனல். யோவானுக்கு நிலம் கெடச்ச கோப்பு. அபுதாபியில ஒட்டகம் மேய்க்கிற கம்பெனிக்கு உன் பத்து சென்டோட கோப்பு நம்பர் எப்படித் தெரியும் யோவானே? அதையாவது கேளு."

யோவான் கேட்கவில்லை. ஒரு மாதமாக இரண்டு காகிதத்தையும் ஒரே கவருக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்தவன், இப்போது இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டிலும் அவனுக்கு ஒட்டகம் மட்டும்தான் புரிந்தது.

"வாங்குற ஆளு யாரு ராஜையா?" என்றாள் சௌதாமினி.

"காட்டாக்கடை..." ராஜையா தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "பிள்ளை சாறோட மூத்த மருமகன்."

முற்றத்துக்கு அப்பால், மரத்தடியில் நின்ற கார் ஒன்று கிளம்பிப் போயிற்று. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

கைலாசம் பிள்ளை குடையை விரித்தார், கொட்டகைக்குள்ளேயே. பிறகு மடக்கினார்.

"வேற ஏதாவது ஒரு நம்பர் போட்டிருக்கலாமே அண்ணே," என்றார் காந்திமதிநாதன். கேட்டவிதம் குற்றம் சாட்டுவதாக இல்லை. நாலு தலைமுறைக் குமாஸ்தா இன்னொரு குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வி.

"இல்லாத நம்பரா?" கைலாசம் பிள்ளையின் முகத்தில், செய்யக்கூடாத ஒன்றைச் செய்யச் சொன்னது போன்ற அருவருப்பு. "நம்பரே இல்லாம ஒரு கடிதாசை வெளிய அனுப்பமுடியுமா? எழுத உக்காந்தேன். கை தானே போட்டது. ஆறு வருஷமாட்டு எனக்கு வேற நம்பர் ஞாபகத்துல இல்லவே." அவர் யோவானைப் பார்க்காமல், அவனுடைய புதுச் சட்டையின் பொத்தானைப் பார்த்துச் சொன்னார். "மனு நான் எழுதினது. என் கையெழுத்து. அண்ணன்மாரு காறித் துப்பினப்பகூட எனக்கு வருத்தமில்ல. பின்ன ரோடு பெருசாச்சு, ரயில் வந்தது. காலையில தோப்புக்குப் போனா முதல்ல கண்ணுல படுறது அந்தக் கூரைதான். தினமும். தினமும் படும்."

அவர் வெயிலில் இறங்கி, குடையை விரிக்க மறந்தபடி, ரோட்டைக் கடந்து போனார். காந்திமதிநாதன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம்தான். அவருக்கு அது பிடித்தமானது.

ராஜையா எழுதிய தாளைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தார். மணி மூன்று.

யோவான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "ஊர்ல எல்லார்கிட்டயும் போறேண்ணு சொல்லியாச்சு," என்றான். "கொத்துக்கரண்டியும் மட்டப்பலகையும் மச்சினனுக்குக் குடுத்தாச்சு." கொஞ்சம் கழித்து நிமிர்ந்தான். "டீச்சரே, அப்போ நெசமான லெட்டர் எப்படி இருக்கும்?"

"வரட்டும். நான் வாசிச்சுச் சொல்லுதேன்," என்றாள் சௌதாமினி.

"வரும், அல்லே?"

அவளுடைய வாயில் நாலைந்து பதில் தயாராக இருந்தன, எல்லாம் வேடிக்கையானவை. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, காலியான பிளாஸ்டிக் கவரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ரோட்டில் திருவனந்தபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மணியடித்த சத்தத்துக்கு யோவான் தன்னை அறியாமல் பாதி எழுந்தான். சாராம்மா பட்டயத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, அவனுடைய சட்டை நுனியைப் பிடித்தாள்.

"நீங்க எந்த நாட்டுக்கு வேணும்னாலும் போங்க. நான் தடுக்கல்ல. வீடு இங்கினதான் கெடக்கும், நான் அதுக்குள்ள கெடப்பேன். மொதல்ல மச்சினன் வீட்டுக்கு நடங்க, கரண்டியை வாங்கணும்."

அவள் முன்னால் நடந்தாள். யோவான் பின்னால் போனான், பஸ்ஸை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு.